பொட்டு நிற்காத கதவு

நாளை எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். இன்று ஒவ்வொரு கதவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்த அம்மா குளியலறைக்குள்ளும் நுழைந்துவிட்டார்.

அங்கே ஷவருக்கு ஒரு கண்ணாடிக் கதவு. தேனிக்குப் பலமுறை அலைந்து என் மனைவி தேர்ந்தெடுத்தது. போர் தண்ணீரின் உப்புக்கறை படியாமலிருக்க அதன்மேல் தனியாக ஒரு பூச்சு வேறு.

“அம்மா, அது தண்ணி தெறிக்காம இருக்கத்தான்.”

“கீலு இருக்கு, கைப்பிடி இருக்கு. பெறகு கதவில்லாம என்னப்பா?”

பொட்டு வைத்தார். வழுக்கிக் கீழே இறங்கியது. மறுபடி வைத்தார். மறுபடியும் இறங்கியது.

“பொட்டு நிக்காத கதவு வீட்டுக்கு ஆகாது. கழட்டச் சொல்லு.”

“எதுவுமே ஒட்டாதுன்னுதான் கடையில சொன்னாக,” என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

பின்னால் நின்ற மனைவி கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்துக் கண்ணாடியில் அழுத்தினாள். நின்றது. அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

எந்தக் குளியலறையாக இருந்தாலும் ஒருநாள் அங்கே ஸ்டிக்கர் பொட்டு வந்துதான் தீரும். எங்கள் வீட்டில் யாரும் குளிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் இப்போது எத்தனை?