ரெண்டு தடவைதான் என்று சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு ஐந்தே நாள் இருந்தபோது நடந்தது இது. கிழக்கு தாம்பரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் ஒரு சிறிய பேக்கரி நடத்துகிறேன். கணவர் காலையிலேயே சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பகலில் நானும், பெருங்களத்தூரிலிருந்து வரும் உதவியாளரும்தான் இருப்போம். அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.

எங்களுடையது டீசலில் ஓடும் ஓவன், ஆள் உயரம் இருக்கும். அதன் பக்கவாட்டில் பர்னர் பொருத்தியிருக்கும். அது டீசலைப் புகை மாதிரி உள்ளே தூவி, மின்பொறியால் பற்றவைக்கும். தீ பிடிக்கவில்லை என்றால் சில நொடிகளில் தானாக நின்றுபோய்ச் சிவப்பு விளக்கு எரியும். ரீசெட் பட்டனை அழுத்தினால் திரும்ப முயற்சி செய்யும்.

ஓவன் வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், முதல் வாரமே எனக்குச் சொல்லியிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு தடவை அழுத்தலாம், மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. அதற்கு மேல் தொடக்கூடாது, அவரைக் கூப்பிட வேண்டும். தீ பிடிக்காத ஒவ்வொரு தடவையும் தூவின டீசல் உள்ளேயே தேங்கும். பிறகு ஏதோ ஒரு தடவை பற்றிக்கொண்டால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். நானும் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

அன்று காலை பிரெட் போட்டு முடித்து ஓவனை அணைத்திருந்தோம். மத்தியானம் கேக் மாவு கலந்து, தட்டுகளில் ஊற்றித் தயாராக வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டால் பர்னர் பற்றவில்லை. சிவப்பு விளக்கு. ஒரு தடவை அழுத்தினேன். இன்னொரு தடவை. வெளியே விடாமல் மழை. பேக்கிங் பவுடர் கலந்த மாவு ரொம்ப நேரம் காத்திருக்காது, அமுங்கிவிடும். பக்கத்துத் தெரு சர்ச்சுக்குக் கொடுக்க வேண்டியதே நாற்பது கேக். அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, வுடுக்கா. டீசல் நாத்தம் கொடலப் பொரட்டுது. புகைபோக்கில பாரு, வெள்ளையா பொக வந்துகினு கீது" என்றாள் உதவியாளர்.

அப்போதுதான் நிறுத்தினேன். மொத்தம் பதினோரு தடவை. எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் 'இதுதான் கடைசி' என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் அழுத்தினேன்.

போன் செய்ததும் மெக்கானிக் ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். தலையைக்கூடத் துவட்டவில்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவை ரீசெட் அழுத்துனீங்கக்கா?"

"ரெண்டு தடவைதான்" என்றேன்.

உதவியாளர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, கேக் தட்டுகளை ஈரத்துணியால் மூட ஆரம்பித்தாள்.

அவர் பர்னரைக் கழற்றினார். பொறி வரும் கம்பிகளில் கரி அப்பியிருந்தது, அதைப் பிடித்திருந்த பீங்கானிலும் விரிசல். புதியதை மாட்டினார். உள்ளே எட்டிப் பார்ப்பதற்கான சின்னக் கண்ணாடி கரி படிந்து ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் என்னிடம் திரும்பினார்.

"ரெண்டு தானேக்கா? நிறைய அழுத்தியிருந்தா சொல்லுங்க. பின்பக்கம் தொறந்து, உள்ள இருக்கறதைத் தொடச்சிட்டுதான் போடணும். ஒரு மணி நேரம் ஆகும்."

எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் காதில் விழுந்தது. இன்னொன்றும் இருந்தது. முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

"ரெண்டுதான் தம்பி. போடுங்க."

"சரி. நீங்க ரெண்டு பேரும் வாசல் பக்கம் போய் நில்லுங்க."

எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று எங்களை அனுப்பியவர், தான் மட்டும் அங்கேயே நின்றார்.

சுவிட்சைப் போட்டார். முதலில் காற்று ஓடும் சத்தம். அப்புறம் தரை அதிர 'டம்' என்றது. ஓவனின் பக்கவாட்டுத் தகடு பிய்த்துக்கொண்டு சுவரில் போய் மோதியது. பர்னரைச் சுற்றி மஞ்சளாக நெருப்பு வெளியே பாய்ந்து உள்ளே போனது. புகையில் எதுவும் தெரியவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உதவியாளர்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அவர் தோளைப் பிடித்து இழுத்துவந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்து அவர் கையை அதன் கீழே பிடித்தாள். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார். அதனால் கண் தப்பியது. வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. புருவம் இரண்டும் இல்லை.

ஆட்டோவில் பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அவர் மனைவி மின்சார ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர், எப்படி ஆனது என்று கேட்டார்.

"என் தப்புதான் சார். உள்ள தொறந்து பாக்காம போட்டுட்டேன்" என்றார் அவர்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இது தெரியாதா உங்களுக்கு?" என்று மனைவி அழுதுகொண்டே அவரைத்தான் கடிந்துகொண்டார். நான் கட்டில் ஓரத்தில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போன் செய்து கேக் கிடையாது என்று சொன்னேன். ஓவன் வெடித்துவிட்டது என்றேன். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள், என் மேல்.

நான்காவது நாள் உதவியாளர், கடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அந்த அண்ணன் பழியத் தன் தலைல போட்டுகினு படுத்துக்கினு கீறாரு. நீ போய்ச் சொல்றியாக்கா, இல்ல நான் போய்ச் சொல்லட்டா?"

அன்று சாயங்காலமே ஊரப்பாக்கம் போனேன். மாடியில் சின்ன போர்ஷன். அவர் கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல், "தம்பி, நான் பதினோரு தடவை அழுத்தினேன்" என்றேன்.

அவர் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் சற்று நகர்த்தி வைத்தார். "தெரியும்க்கா. அது வெடிச்ச வேகத்துலயே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"தொறந்து பாக்கறது என் வேலை. நீங்க என்ன சொன்னாலும் நான் பாத்திருக்கணும். ஆனா நான் ரெண்டாவது வாட்டி கேட்டேன் பாருங்க, அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கதவருகே நின்ற அவர் மனைவி மட்டும் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "இவருக்குக் கண்ணு போயிருந்தா, அப்பவும் நாலு நாள் கழிச்சுதான் வந்து சொல்லியிருப்பீங்களா?"

காபி ஆறிக் கிடக்க, எழுந்து படியிறங்கினேன்.

கை ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறின பிறகும் கடைசி இரண்டு விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கும்போது பார்த்தால் தெரியும். மருத்துவச் செலவை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. அவர் இன்றும் எங்கள் ஓவனைப் பார்க்க வருகிறார், முன்பு போலவே பேசுகிறார். அவர் மனைவியைப் போன வருடம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரில் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார், நின்று பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், அன்று நான் பெரிய ஆபத்துக்குப் பயந்து பொய் சொல்லவில்லை. 'சொன்னதைக் கேட்காதவள்' என்று ஒருவர் என்னை நினைத்துவிடுவாரோ என்ற சின்னக் கூச்சம், அவ்வளவுதான். அந்தச் சின்னக் கூச்சத்துக்காக ஒரு மனிதரை நெருப்புக்கு முன்னால் நிறுத்த என்னால் முடிந்தது என்பதை, நான்கு வருடமாகியும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.