எனக்கு முன்பே பம்ப் கேட்டவர்

2005-ஆம் வருடம், ஈஸ்டர் முடிந்த கையோடு வந்த கோடை. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து நானும் என் வீட்டுக்காரரும் கல்யாண வீடியோ மிக்சிங் கடை நடத்திக்கொண்டிருந்தோம். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவார். நான் கடையில் உட்கார்ந்து கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, மணமக்கள் தலைக்கு மேலே ரோஜாப்பூ பறக்கவிட்டு, டிவிடியாக அடித்துக் கொடுப்பேன். ரோஜாப்பூ வேண்டாம் என்று சொன்ன கல்யாண வீட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் எல்லாம் ஒன்றாகக் குவியும். அதே நேரத்தில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்ளும். வருடத்தில் நாங்கள் சம்பாதிப்பதே அந்த ஓரிரு மாதங்களில்தான். பார்த்து அந்த மாதங்களில்தான் எங்கள் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

புதுசாக வாங்கிய மிஷின். நல்ல வேகம் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது கக்கிய சூடு இருக்கிறதே, மேலே தோசை ஊற்றலாம். வெட்டி ஒட்டிய படத்தை முழுசாக ஆக்கித் தர அந்த மிஷின் ராத்திரி முழுக்கத் தானாக ஓடவேண்டும். பாதியில் சூடு தாங்காமல் பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். சன்னலில் ஈரச் சாக்குக் கட்டினோம். ஏசி போடலாமென்றால், பழைய வயரிங் தாங்காது என்று அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அந்த வாரம் சாணார்பட்டிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, விடுப்பு முடிந்து முன்னாலேயே போய்விட்டார். பெண் சனிக்கிழமை கிளம்புகிறாள். பெண்ணின் அப்பா இரண்டு தடவை கடை ஏறி வந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் தன்மையாகப் பேசினார். “பிள்ள போகும்போது கையில குடுத்து அனுப்பணும்மா. முடியலைன்னா கேசட்டக் குடுத்துருங்க, மதுரையில குடுத்துப் பாத்துக்கிறோம்” என்றார்.

எங்களுக்கு வந்த வேலையெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரு வீடு சொல்லி இன்னொரு வீடு வந்ததுதான். இந்தக் கல்யாணம் மதுரைக்குப் போனால் அந்தப் பேச்சும் வீடு வீடாகத்தான் போகும். கடையை மூடிவிட்டு, என் வீட்டுக்காரர் மறுபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

பிரவுசிங் சென்டரில் போய்த் தேடினேன். வெளிநாட்டில் சிலர் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர வைக்கிறார்கள் என்று போட்டிருந்தது. சூடாகிற இடத்தில் ஒரு செம்புக் கட்டி. அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே கார் ரேடியேட்டர் மாதிரி ஒன்றில் போய் ஆறி, பம்ப் வழியாகத் திரும்பி வரும். அவ்வளவுதான் சங்கதி. அங்கே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெட்டியாகவே விற்கிறார்கள். இங்கே அது கிடைக்காது. பம்ப், ரேடியேட்டர், செம்புக் கட்டி, டியூப் என்று ஒவ்வொன்றையும் நானே தேடி எடுத்தாக வேண்டும்.

“தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ளயா? கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா படிக்கட்டில் வழிமறித்து, “குடத்துக்கே தண்ணி வந்து பத்து நாளாச்சு, கம்ப்யூட்டருக்குத் தண்ணியா? நல்லாருக்குடி கதை” என்று சிரித்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. திண்டுக்கல்லிலேயே இப்படி ஒன்றைச் செய்யப்போகிற முதல் ஆள் நான்தான் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு மீன் தொட்டிக் கடை வரைக்கும்தான் நிலைத்தது. “சின்னதா ஒரு பம்ப் குடுங்க” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கம்ப்யூட்டருக்கா அக்கா?” என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மீனு வளக்கிறவுக எத்தன மீனுன்னுதான் மொதல்ல சொல்லுவாக. நீங்க ஒண்ணும் சொல்லலயே. போன வருசம் ஒருத்தரு இப்பிடித்தான் வந்தாரு. பின்னாடி திரும்ப வந்து, கம்ப்யூட்டருக்குன்னு இனிமே யாரு கேட்டாலும் சின்னதக் குடுக்காதீங்க, இதக் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு” என்று கொஞ்சம் பெரிய பம்ப் ஒன்றை எடுத்து வைத்தார். “அப்புறம், பம்பும் கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்ச்சுல இருக்கணுமாம். பம்பப் போட மறந்துட்டு அத மட்டும் போட்டா அம்புட்டும் போச்சாம்.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நன்றிகூட ஒழுங்காகச் சொல்லாமல் பம்பை வாங்கிக்கொண்டு வந்தேன். யாரோ ஒருவர் நமக்கு முந்திவிட்டாரே என்று வழியெல்லாம் எரிச்சல்.

அடுத்தது பழைய கார் சாமான் கடை. சின்னக் கார்களில் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். நம் ஊர் வெயிலில் காருக்குள் ஹீட்டர் போட யாருக்குப் பைத்தியம்? அதனால் காரைப் பிரிக்கும்போது அது மட்டும் அலுங்காமல் கிடைக்கும். இரண்டு எடுத்துக் காட்டினார் கடைக்காரர். ஒன்று அலுமினியம். பளபளவென்று, இறகு மாதிரி லேசாக இருந்தது. இன்னொன்று செம்பும் பித்தளையும். கறுத்து, கனத்து, பற்றவைத்த இடமெல்லாம் அசிங்கமாக இருந்தது. சேலைக் கடையில்கூட நான் அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்ததில்லை. பளபளப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“எந்த வண்டிக்கும்மா?”

“வண்டிக்கு இல்லண்ணே, கம்ப்யூட்டருக்கு.”

அவர் கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார். “அப்ப இது வேணாம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில கெடந்தா ஒத்துக்காதாம். ஒண்ண ஒண்ணு அரிச்சுப்புடுமாம். போன தடவ வந்தவரு இதத்தான் ஆசையா வாங்கிட்டுப் போனாரு. நாலஞ்சு மாசத்துல ஓட்ட விழுந்து மிஷினு மேலயே ஊத்திருச்சு. அந்த ஓட்ட ரேடியேட்டரத் தூக்கிக்கிட்டு வந்தாரு. சரி, சண்டைக்குத்தான் வாராருன்னு நெனச்சேன். அந்த மனுசன் எனக்கும் சேத்து டீ சொல்லிட்டு உக்காந்தாரு. ‘இன்னொருத்தரு வந்தா இத மட்டும் குடுத்துறாதீங்கண்ணே’ன்னாரு. அம்புட்டுத்தான், எந்திரிச்சுப் போயிட்டாரு.”

அந்தக் கறுத்த ரேடியேட்டருக்கே காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மிஷின் நாசமான மனுஷன் வீட்டில் உட்கார்ந்து புலம்புவான், இல்லை கடைக்காரனிடம் போய்க் கத்துவான். எனக்கு அந்த இரண்டும்தான் தெரியும். இவர் எந்த ரகம்?

செம்புக் கட்டிக்காக லேத்துப் பட்டறைக்குப் போனபோது நானே முந்திக்கொண்டு, “அவர் இங்கயும் வந்தாரா?” என்று கேட்டுவிட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். வந்திருக்கிறார். கட்டியின் மூடியையும் செம்பிலேயே போடச் சொல்லியிருக்கிறார். நம் ஊர்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும், பேட்டரிக் கடையில் விற்கிற சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். “எல்லாத்தையும் மாட்டி, கம்ப்யூட்டருக்கு வெளிய வச்சு ஒரு நாள் பூரா ஓட விடணுமாம். கீழ பேப்பர விரிச்சு வச்சுப் பாக்கணுமாம். இத மட்டும் மறக்காமச் சொல்லச் சொன்னாரு தங்கச்சி” என்றார்.

டியூப் மட்டும் நானாகத் தேர்ந்தெடுத்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான டியூப். உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியும், வளைக்க லேசு. அதை வாங்கிய ஹார்டுவேர்ஸ் கடையில் எனக்கு யாரும் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி, மொட்டை மாடிக் கீற்றுக் கொட்டகையில் பேப்பர் விரித்து ஓடவிட்டோம். சத்தமில்லாமல் தண்ணீர் சுற்றி வந்தது. செத்த நேரம் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், “அதான் நல்லா ஓடுதுல்ல. கழட்டிக் கம்ப்யூட்டர்ல மாட்டு. இன்னைக்கே போட்டுவிட்டா காலையில படம் வந்துரும்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் காத்திருந்தால் படம் ஆக்க மிச்சம் வியாழன், வெள்ளி என்று இரண்டு ராத்திரிதான். அந்த இரண்டிலும் அணைந்துபோனால் பெண் வெறுங்கையோடு போவாள். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் முகம் தெரியாத அந்த மனிதர் லேத்துக்காரரிடம் ‘மறக்காமச் சொல்லுங்க’ என்று கேட்டுக்கொண்டது காதிலேயே நின்றது. “இல்லங்க, நாளைக்குப் பூரா ஓடட்டும்” என்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் வெயில் ஏறியது. தண்ணீர் சூடானதும் நான் ஆசையாக வாங்கிய டியூப் இளகிப்போய், ஒரு முனை அதை இறுக்கியிருந்த கிளிப்புக்குள் நெகிழ்ந்துவிட்டது. சொட்டுச் சொட்டாக வடிந்து, மூன்று மணிக்குப் பார்த்தால் விரித்த பேப்பர் பாதி நனைந்து கிடக்கிறது. முதலில் பார்த்தவர் அவர்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப் போட்டு முறுக்கினார். முறுக்கி முடித்துவிட்டு, “நேத்து மாட்டிருந்தோம்னா...” என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மறுபடி மாடியிலேயே ஓடவிட்டோம். அந்த மத்தியான வெயிலுக்கும் பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. சாயங்காலம் கம்ப்யூட்டரில் மாட்டினோம். சனிக்கிழமை விடிந்து கடையைத் திறந்தபோது படம் முழுசாக முடிந்திருந்தது. கிளம்புகிற வீட்டுக்கே கொண்டுபோய்ப் பெண்ணின் கையில் டிவிடியைக் கொடுத்தோம். வேனில் ஏறப்போன பெண் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா, “அடுத்து சின்னவளுக்கும் நீங்கதாம்மா” என்றார். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். நல்ல வேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கார் சாமான் கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து நாகல் நகரில் அந்த முகம் தெரியாத மனிதரைத் தேடிப் பிடித்தோம். சின்ன ஜெராக்ஸ் கடை, ஓரத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒரு திரை. என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “ஓடுதா?” என்று கேட்டார். “ஓடுது” என்றேன். அவ்வளவுதான், ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு எங்கள் கூடவே கிளம்பி வந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்தார். டியூபைப் பற்றிக் கேட்டார், நான் பட்டதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். தன் மிஷின் பிழைத்து வந்த மாதிரி அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “நானும் மிக்சிங்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். போன வைகாசியில மிஷின் போனதும் கேசட்ட எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். பாதிப் பேரு உங்க கடைக்குத்தான் வந்தாங்க. நல்லா பண்ணிக் குடுத்தீங்களாம், சொன்னாங்க.”

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போன வைகாசியில் திடீரென்று வேலை வந்து குவிந்ததும், நம் வேலை சுத்தம், அதுதான் தேடி வருகிறார்கள் என்று பூரித்துப் போயிருந்தோம். நான் மாதா கோவிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றினேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. “கடை கடையாச் சொல்லி வச்சீங்களே, தேடி வரப்போறது உங்க தொழில்ல உள்ள ஆளாத்தான் இருக்கும்னு தோணலையா?”

“தோணாம என்னங்க? இந்த ஊர்ல கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஊத்த வேற யாரு வரப்போறா?” என்று சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அதுக்காக, என்னய மாதிரியே அவுகளும் கல்யாண வீட்டுக்காரங்க முன்னாடி கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கணுமா?” என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சீசனில் எங்களால் முடியாத வேலையை அவரோடு பங்கு போட்டுக்கொள்ள ஆரம்பித்தோம். பகலில் எங்கள் மிஷினில் அவர் வெட்டி ஒட்டுவார். அவர் கை என் கையைவிடச் சுத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஹார்டுவேர்ஸ் கடைக்கும் ஒரு நாள் போய், கம்ப்யூட்டருக்கென்று யாராவது இந்த டியூபைக் கேட்டால் இரண்டு கிளிப் போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அப்போது எங்கள் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது, சொன்னதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவரோ எல்லாம் போன பிறகு, தன் வாடிக்கையை வாங்கிக்கொண்டவர்களுக்கே அது போய்ச் சேரும் என்று தெரிந்து சொன்னவர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்று முழு மனசோடு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.