போயிட்டு வரேன்னு சொல்லாதே

எங்கள் இல்லத்தின் வாசல்காரிக்குக் கேட்டக்கா என்று பெயர். கேட்டில் நிற்பதால் பாதி, யாரைப் பார்த்தாலும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் மீதி. போலீஸ் வழக்கில் சிக்கிய சின்னப் பெண்களை வைத்திருக்கும் இடம் அது. நான் அங்கே சமையல்காரி.

முன்பு அவள் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள். கொட்டகையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். "அங்க உள்ள விடுறதுக்குச் சம்பளம், இங்க வெளிய விடாம இருக்கச் சம்பளம்" என்பாள். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. விடுதலையாகும் பெண்கள் பழக்க தோஷத்தில் "போயிட்டு வரேங்க்கா" என்பார்கள். உடனே பிடித்துக்கொள்வாள். "இங்க வராதடி. போறேன்னு சொல்லிட்டுப் போ." வேறெந்த வாசலில் "போறேன்" என்றாலும் முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு வாசலில்தான் அது நல்ல வார்த்தை. பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடுவார்கள்.

அன்று கிளம்பியவள் சிரிக்கவில்லை. பதினாறு வயது. தன் அக்காவை அடித்த அக்கா புருஷனை இரும்பு வாணலியால் தாக்கிக் கையை உடைத்தவள்.

புதிதாக வந்திருந்த அலுவலர் இளவட்டம், நல்ல மனுஷர். அதை மறைப்பானேன்? அவர் வருவதற்கு முன்னால் வருடக்கணக்கில் இங்கேயே கிடந்த பிள்ளைகள் உண்டு. பூட்டி வைத்து யாரையும் திருத்த முடியாது, குடும்பத்தோடு சேர்க்க வேண்டும் என்று நீதிபதியிடம் பேசி, இவளுக்கும் உத்தரவு வாங்கியிருந்தார். கூட்டிப் போக அக்காவே வந்து கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். வேர்த்துக் கொட்டுகிற வெயிலிலும் சேலைத் தலைப்பைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

பெண் பையோடு வாசலுக்கு வந்தாள். "போயிட்டு வரேங்க்கா."

"போறேன்னு சொல்லு."

"இல்லக்கா. போயிட்டு வரேன்."

வாய் தவறி வந்த சொல் இல்லை அது. சமையலறை வாசலில் நின்ற எனக்கே அது புரிந்தது. கேட்டக்கா பூட்டில் நுழைத்த சாவியை உருவிக்கொண்டாள்.

"எதுக்குடி வருவே? இந்தத் தடவை கையோட விடமாட்டியா?"

பெண் அவளை நேராகப் பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஆமாம் என்றிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அலுவலருக்குப் பொறுமை போனது. "உத்தரவு வந்தாச்சும்மா. இனிமே இவளை உள்ள வெச்சா அது நம்ம தப்பு. திறங்க. உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்காதீங்க."

"மறுபடி ஏதாவது பண்ணா இவ இங்க வரமாட்டா சார். பெரிய ஜெயிலுக்குத்தான் போவா." கேட்டக்கா கம்பிக்கு வெளியே திரும்பினாள். "ஏம்மா, அவன் இன்னும் அந்த வீட்லதான் இருக்கானா?"

அக்கா கழுத்துத் தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"விசாரிச்சாச்சு. அவர் திருந்திட்டார்" என்றார் அலுவலர்.

"யாரு சொன்னா? அவனா?"

அப்போது தெரு முனையிலிருந்து ஹாரன் அடித்தது. அக்காவின் உடம்பு தூக்கிப் போட்டது. "வண்டியில வெயிட் பண்றாரு" என்றாள், குரலே இல்லாமல்.

கேட்டக்கா கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தாள். பெண்ணை அனுப்பத்தான் என்று நினைத்தேன். அவளோ அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து மறுபடி பூட்டிவிட்டாள். இவள் வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன்.

"இவங்க மேல ஒரு வழக்கும் இல்ல. எந்தக் கணக்குல உள்ள வைக்கிறது?" என்று அலுவலர் கத்தினார்.

"பார்க்க வந்தவங்க கணக்குல. சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னு போர்டு தொங்குதே சார்."

ஹாரன் மறுபடியும் அடித்தது, விடாமல். தங்கையைவிட ஒரு பிடி உயரமான அந்த அக்கா குனிந்து தங்கையின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். தலைப்பு நழுவியது. கழுத்தில் விரல் தடம் இன்னும் ஆறவில்லை. தங்கை அசையாமல், தெருப் பக்கம் பார்த்தபடி, அவளை மறைத்து நின்றாள். அப்படி நின்று பழகியவள்.

அலுவலர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நீதிபதிக்குப் போன் போட்டார்.

"ஐயா, அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது. வேற இடம் வேணும். ஒருத்திக்கு இல்லைங்கய்யா, ரெண்டு பேருக்கு."