தர்ஷினியின் ஊசலில் பிழையில்லை

நான் ஒரு பெண்ணை வேண்டுமென்றே தோற்கடித்தேன். அவள் செய்த சோதனையில் பிழை ஏதும் இல்லை என்று தெரிந்தே, 'தேர்ச்சி பெறவில்லை' என்ற பொத்தானை அழுத்தினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை.

முகத்தைச் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. சுளியுங்கள்! ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

நான் புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்துகொண்டு, ஒரு தனியார் கல்லூரியின் இணையவழி வகுப்புக்கு இயற்பியல் சொல்லித் தருகிறவள். எல்லாரும் முதலாண்டு மாணவர்கள். கல்லூரிப் படியை அவர்கள் மிதிப்பதே இல்லை. சோதனைச் சாமான்கள் ஓர் அட்டைப் பெட்டியில் அவர்கள் வீட்டுக்கே போய்விடும். நூல், இரும்புக் குண்டு, சுருள்வில், லென்ஸ், மீட்டர்... வீட்டிலேயே சோதனையைச் செய்து, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முதலில் முகத்தைக் காட்ட வேண்டும். பிறகு அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். உதவிக்கு யாராவது நின்றால் அவரையும் காட்ட வேண்டும். ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி.

அந்த விதியின் புண்ணியத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் நான் போய் வந்திருக்கிறேன். ஜெகதாப்பட்டினத்துப் பையன் ஒருவன், எடைகளைத் தொலைத்துவிட்டு, மீன் தராசின் எடைக்கல்லைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு அனுப்பினான். சிரித்துக்கொண்டே மார்க் போட்டேன். நான் கொடுமைக்காரி அல்ல... அப்படித்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷினி வல்லத்திராக்கோட்டைப் பெண். தனி ஊசல் சோதனை. ஊசலைத் தொங்கவிட வீட்டில் இடம் அமையவில்லை போலும், கூடத்துச் சுவரில் மர ஏணி ஒன்றைச் சாய்த்து, அதன் படியில் நூலைக் கட்டியிருந்தாள். முகத்தைக் காட்டினாள். அறையைச் சுற்றிக் காட்டினாள். ஏணி அசையாமல் இருப்பதற்காக, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

"எங்க அப்பா, மேடம். ஏணியப் புடிச்சிக்கிறதுக்கு மட்டுந்தான். வேற எதுலயும் ஹெல்ப் பண்ணல."

வீடியோவை நிறுத்தினேன். தலை நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தை நான் மறப்பேனா? ராசேந்திரன்! எனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன்!

திருவரங்குளத்தில் எங்கள் வீட்டில் வைத்துத்தான் தட்டு மாற்றினார்கள். அவன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். நான் திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிய இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது. ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

"படிப்ப நிறுத்திட்டு ஊருக்குப் போ. ஆம்பளப் பயலுகளோட லேப்புல நின்னு நீ என்னத்தக் கிழிக்கப் போற?"

முடியாது என்றேன். அவ்வளவுதான், நிச்சயத்தை முறித்துவிட்டான். முறித்ததோடு விட்டானா? 'அந்தப் புள்ளைக்கு லேப்புல எவனோடயோ பழக்கமாம்' என்று ஊர் முழுக்கப் பேச வைத்தான். அந்த ஒரு பொய்! அதன் பிறகு எங்கள் வாசலை ஒரு வரனும் மிதிக்கவில்லை. கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த என் அப்பா, கோயிலுக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கினார். முடங்கியபடியே போய்ச் சேர்ந்தார்.

நான் படித்து முடித்தேன். தனியாகவே இருந்துவிட்டேன். பெண்ணுக்கு லேப் எதற்கு என்று கேட்டவன், இப்போது தன் பெண்ணின் லேப்புக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்... வயிறு எரியாதா? உங்களுக்கு எரிந்திருக்காதா?

தர்ஷினியின் கணக்கைப் பார்த்தேன். புவியீர்ப்பு முடுக்கம் அவ்வளவு சரியாக வந்திருந்தது. அந்த வகுப்பிலேயே சுத்தமான வேலை அவளுடையதுதான். நான் எழுதினேன்: 'மின்விசிறிக் காற்று ஊசலைப் பாதிக்கிறது. மீண்டும் செய்க.'

மின்விசிறி ஓடியது உண்மை. ஆனால் அது ஓடியது அடுத்த அறையில்.

அடுத்த வீடியோவில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். சன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். சித்திரை வெயில்! அவன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: 'உதவியாளரின் நிழல் குண்டின் மேல் விழுகிறது. அவர் தரையில் அமர்ந்து பிடிக்கட்டும்.'

அமர்ந்தான். மூட்டு வலி போலிருக்கிறது, உட்காரும்போது முகம் கோணியது. எழுந்திருக்கும்போது மகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அப்படியும் என் ஆத்திரம் அடங்கியதா? 'உதவியாளரின் இரண்டு கைகளும் படத்தில் தெரிய வேண்டும்.' தெரிந்தன. என் ஒரு வரிக்கு அவன் எழுந்தான், உட்கார்ந்தான், கைகளை உயர்த்தினான். அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். சீ! இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

அந்தப் பெண் ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை. 'சரிங்க மேடம், திரும்ப அனுப்புறேங்க மேடம்' என்று மட்டும் பதில் வரும். அவளை நான் கவனிக்கவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் ஏணிப் பக்கந்தான்.

கடைசியாக வீடியோ அழைப்பில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வைக்க வேண்டும். திரை திறந்ததும், அவளுக்குப் பின்னாலிருந்து அவன் எட்டிப் பார்த்துக் கைகூப்பினான்.

"நல்லா இருக்கீங்களா?"

"தர்ஷினி, வைவா நடக்கும்போது வெளியாட்கள் பேசக் கூடாது. அவரை வெளியே போகச் சொல்லும்மா."

போனான். தலையைக் குனிந்துகொண்டு போனான். என் நெஞ்சு குளிர்ந்தது.

கேள்விகளைக் கடினமாகவே கேட்டேன். குண்டின் எடையைக் கூட்டினால் அலைவு நேரம் மாறுமா என்றேன். "மாறாதுங்க மேடம், நூலோட நீளத்தக் கூட்டினாத்தான் மாறும்" என்றாள். ஊசலை மிகவும் தள்ளி இழுத்து விட்டால்? "அப்ப மாறுங்க மேடம். நம்ம சூத்திரம் சின்னக் கோணத்துக்குத்தான் சரியா வரும்." எங்கும் அவள் தடுமாறவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தயங்கினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? இதுல பாஸ் பண்ணாத்தான் திருச்சி காலேஜ்ல ரெண்டாம் வருசம் சேர முடியும். இல்லாட்டி ஆவணில கல்யாணம்னு பெரியப்பா சொல்லிட்டாரு. அப்பாதான் அவருகிட்ட சண்டை போட்டு இந்த ஒரு வருசத்த வாங்கிக் குடுத்தாரு. உங்க பேரப் பாத்துட்டுத்தான் இந்த கோர்ஸ்லயே சேத்தாரு. 'அந்தம்மா படிப்புக்காக எல்லாத்தையும் விட்டவங்க. யாருக்காகவும் தப்பா மார்க் போட மாட்டாங்க, அவங்ககிட்டப் படி'ன்னாரு."

இந்த இடத்தில் நான் உருகிப்போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இல்லை! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தே அனுப்பியிருக்கிறான்! என் பெயரைக் கெடுத்த அதே வாயால் என்னைப் புகழ்ந்து அனுப்பியிருக்கிறான்! என் அப்பா உயிரோடு இருந்தபோது வந்து ஒரு வார்த்தை கேட்டானா? 'நான் சொன்னது பொய்' என்று ஊருக்கு முன்னால் சொன்னானா? ஒன்றும் செய்யாமல், என் நேர்மையும் தனக்கே பயன்படட்டும் என்று மகளை அனுப்பிவிட்டான்...

அழைப்பைத் துண்டித்தேன். பொத்தானை அழுத்தினேன்.

ஆவணியும் தெரியும், பெரியப்பாவும் தெரியும், தெரிந்துதான் அழுத்தினேன். அன்று அவன் நிறுத்தச் சொன்னான், நான் நிற்கவில்லை. இன்று அவன் மகளை நான் நிறுத்திவிட்டேன். அவனால் முடியாத காரியத்தை நான் முடித்துக் காட்டினேன்! இதில் வென்றது யார்? நானா... அன்றைய ராசேந்திரனா?

மறுமதிப்பீடு கேட்க மாணவர்களுக்கு உரிமை உண்டு. கேட்டிருந்தால் வேறு ஓர் ஆசிரியர் வீடியோவைப் பார்த்திருப்பார், என் வண்டவாளம் வெளியே வந்திருக்கும். பயந்துகொண்டுதான் இருந்தேன். கெடு முடியும் நாளில் தர்ஷினி போன் செய்தாள்.

"மறுமதிப்பீடு வேணாம்னு அப்பா சொல்லிட்டாருங்க மேடம். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம்... நாங்க எங்க தப்புப் பண்ணுனோம்? எனக்குப் புரியவே மாட்டேங்குது."

மதிப்பெண்ணைத் திருத்த அப்போதும் வழி இருந்தது. தவறு நேர்ந்துவிட்டது என்று கல்லூரிக்கு நான் ஒரு வரி எழுதினால் போதும். உண்மை தொண்டைவரை வந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் ஆசை. வரவில்லை.

"ஏணி ஆடியிருக்கு" என்றேன். "பிடிச்சிருந்தவர் சரியாப் பிடிக்கல."

பிறகு போனை விலக்கிக்கொண்டு அவள் சொன்னது கேட்டது.

"அப்பா... ஏணி ஆடிருச்சாம்ப்பா."

"நா அசையவே இல்லையே ஆத்தா... மூச்சக்கூட அடக்கிக்கிட்டுல்ல..."

அவன் முடிக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளை அப்படி விசும்பி அழுது நான் கேட்டதே இல்லை. போனை நான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவள் வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. அந்தக் கடைசி வீடியோவை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். ஏணி அசையவில்லை. அவள் முகத்தையே இப்போதுதான் நான் பார்க்கிறேன்... அலைவுகளை எண்ணும்போது சத்தம் வராமல் உதடு மட்டும் அசைகிறது. கணக்குச் சரியாக வந்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயந்தான். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? அவளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எத்தனையோ முறை அவள் எண்ணை எடுத்து, அழைக்காமல் போனைக் கீழே வைத்திருக்கிறேன்.

அவளிடம் சொன்னால் அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவாள். தன் கை அசையவே இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே அவன் நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கிவிடுவான்.

அதற்கு மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.