குழல் வாயில் ஒரு சிவப்பு நூல்

அண்ணை போய் ஓராண்டு நிறையும் இன்று, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினரும் நண்பர்களும் அவரை நினைத்துக் கும்பிட வந்திருக்கிறீர்கள். ஒருவர் மட்டும், தான் தப்பிவிட்டதாக நம்பி வந்திருப்பார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணை வன்னியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பாரிஸ் வந்தார். அகதி விண்ணப்பம் இரண்டு தடவை மறுக்கப்பட்டது. லா சப்பலில் ஒற்றை அறையில் ஆறு பேரோடு படுத்தெழும்பி, ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவி, அதே அடுப்பின் தலைமைச் சமையற்காரர் ஆனார். வேட்டைப் பிரியரான முதலாளி அவரை அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கவைத்துப் பிக்கார்டிக் காடுகளுக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் புதுத் துவக்கோடு வர, அண்ணை குழல் வாயால் வெடிமருந்து போட்டு இடிக்கும் இடியன் துவக்கு வாங்கினார். ஊரில் அப்பாவிடமும் இடியன்தான் இருந்தது.

"ஒரு வெடிதான், பிள்ளை. ரெண்டாவது இல்லையெண்டால் மனுசன் யோசிச்சுத்தான் சுடுவான்" என்பார்.

வேட்டைப் பருவத்து ஞாயிறு மாலைகளில், பாரிஸ் புறநகர் ஸ்தேனில் இருந்த அவர் வீட்டில் சுடுதண்ணியும் சவுக்காரமும் மணக்கும். காட்டிலேயே மண்மேட்டில் சுட்டு வெறுமையாக்கிய குழலைக் கழுவுவார், துடைப்பார், எண்ணெய் தடவுவார். நிலவறையில் இரும்பு அலுமாரி; திறப்பு அவர் இடுப்பில். மருந்து ஒரு மூலை, தீப்பொறி தரும் கேப்புகள் மறு மூலை. மருந்து போட்டால் உடனே, தன் மணிக்கட்டில் பழசான கோயில் நூலைக் குழல் வாயில் கட்டுவார். நூல் இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. நூல் இல்லாவிட்டாலும் நம்பமாட்டார். இடிகோலைக் குழலுக்குள் விட்டு, அதில் கீறிய அடையாளம் வாய்மட்டத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

எட்டு வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகையில் அண்ணியின் தம்பி இடியனை இரவல் கேட்டார். அவரிடமும் அனுமதிப்பத்திரம் இருந்தது. அண்ணை கொடுத்தார். மருந்து போட்டு, அண்ணை சொன்னபடி நூலும் கட்டிக் காத்திருந்தார்; அன்று பன்றி வரவில்லை. போட்ட மருந்தைச் சுட்டுக் கழிக்க அவருக்குப் பஞ்சி, சோம்பல். திரும்பும் வழியில் ஊரிலிருந்து அவருடைய சித்தப்பாவின் சாவுச் செய்தி வந்தது. சாவுத் துடக்கில், தீட்டுப் பட்ட கையில் கோயில் நூல் கூடாதென்று தன் நூலைக் கழற்றியவர், குழல் வாயிலிருந்த நூலையும் சேர்த்துக் கழற்றினார். துடக்குப் பார்த்தவர் மருந்தைப் பார்க்கவில்லை.

"அத்தான், வெறுமைதான். வைச்சுப் பூட்டுங்கோ."

"கேப்பு?"

"எடுத்திட்டன் எண்டுறன். என்ன, பொலிஸ் மாதிரிக் கேக்கிறியள்."

மழை படாமல் சுத்தியலை மூடிக் கட்டிய தோலுக்குள் கேப்பு இருந்தது. மூன்றாம் நாள் கழுவ எடுத்த அண்ணை, வழக்கம்போல இடிகோலை விட்டுப் பார்த்தார். துவக்கின் அடி ஈர நிலத்தில் வழுக்க, சுத்தியல் அடிபட்டு வெடித்தது. வலக்கையில் மூன்று விரல்கள் போயின. இடிகோல் நிலவறைக் கூரையின் மரவளையில் குத்தி நின்றது.

குடித்துவிட்டு மருந்தோடு வைத்த மனிசன் என்று ஊரெல்லாம் சொன்னவர் அந்தத் தம்பிதான். கவனமில்லாதவன் இடிகோலை விட்டுப் பார்ப்பானா? ஒருவரும் கேட்கவில்லை. தன் கையால் சமைப்பதும் போனது. லா சப்பல் தெருவில் அண்ணை நடந்தால் கடைவாசலில் ஒரு குரல் எழும்: "இடியன் வாறார், காதைப் பொத்துங்கோ." சிரிப்பு. அந்தச் சிரிப்பில் தம்பியின் பல்லும் தெரிந்ததை என் கண்ணால் கண்டேன்.

ஆஸ்பத்திரியில், தம்பி தன்னிடம் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் எனக்குச் சொன்ன அண்ணை, கட்டுப்போட்ட கையை உயர்த்தி, "விடு பிள்ளை. அவளுக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்றார். ஏழு வருடம், அவருடைய இதயம் நிற்கும்வரை, விட்டேன். இனி விடமாட்டேன். இருநூறு பிரதி அச்சாகிறது. லா கூர்னெவ்விலும் பியர்ஃபித்திலும் ஒவ்வொரு வீட்டு மேசைக்கும் இது போகும். கதை சொன்ன வாய்க்கு எதிராக இருநூறு வாய்.

கைபோன பிறகும் அண்ணையை வாய்ச்சொல்லால் சமைக்கவைத்து வேலையில் வைத்திருந்த முதலாளிக்கும், கடைசிக் கிழமையில் அவரைத் தூக்கி இருத்திய தாதிகளுக்கும், தோள்கொடுத்தவர்களுக்கும், ஓராண்டாக அண்ணியைத் தனியே சாப்பிட விடாத அயலவருக்கும் எங்கள் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கமுன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். கிழிக்கச் சொல்வா என்று நினைத்தேன். எழும்பிப் போய் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தா. சித்தப்பா செத்த அன்று, செய்ன் ஆற்றில் விடச் சொல்லித் தம்பி கொடுத்தது, அவ மறந்துபோனது. உள்ளே இரண்டு சிவப்பு நூல். ஒன்று வெறும் நூல். மற்றதில் மருந்துக் கரி.

"ரெண்டும் அவன்ரை கையில கட்டினதெண்டெல்லே நினைச்சன்" என்றா. பிறகு கரி படிந்ததை என் உள்ளங்கையில் வைத்தா.

"தம்பிக்குக் குடுக்கிற புத்தகத்துக்குள்ள வை."

வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில்தான்.