ஈதர் வேண்டாம், டாக்டரம்மா!

போன வாரம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். அவருக்கு முழங்கை நரம்பில் ஆபரேஷனாம். “முழு மயக்கமா, கை மட்டும் மரத்துப்போற ஊசியாங்க? நீங்க அனுபவசாலியாச்சே!”

அனுபவசாலிதான். கேளுங்கள்…

அறுபதுகளில் நான் கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க இடது முழங்கையை மேஜையில் ஊன்றியபடி வேலை. முதலில் சுண்டுவிரல் மரத்தது. அப்புறம் மோதிர விரல். ஒருநாள் இணைப்புப் போர்டில் செருகப்போன பிளக் நழுவி, பக்கத்து லைனைத் தட்டிவிட்டது. யாரோ பேசிக்கொண்டிருந்த கால் கட்! விரல் போனால் வேலையும் போய்விடுமே?

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் முழங்கையைத் தட்டினார். சுண்டுவிரல் வரை ஷாக் அடித்தது.

“நரம்பு நசுங்கிக் கெடக்கு, ஸ்டெல்லா. இனியும் தள்ளிப்போட்டா விரல் மடங்கிரும்.”

மூன்று வழி சொன்னார். ஈதர் கொடுத்து முழுதாகத் தூங்கவைப்பது. கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கவைப்பது. இல்லையென்றால், முழங்கையைச் சுற்றி மட்டும் ஊசி.

“ஈதர்ல ஒண்ணும் தெரியாது. ஆனா உங்களுக்கு மூச்சு இழுப்பு இருக்கே… அதான் யோசிக்கிறேன். காறை எலும்புக்கிட்ட நுரையீரல் இருக்கு, பார்த்துத்தான் குத்தணும். முழங்கையில மட்டும் போட்டா, நேரமானா வலி தெரியலாம்.”

நான் யோசிக்கவே இல்லை. “ஈதர் வேண்டாங்க!”

இழுப்புக்குப் பயந்தா சொன்னேன்? என் தோழி சரோஜாவின் மாமனார் ஈதரில் உளறி, வீட்டு விஷயமெல்லாம் வார்டுக்கே தெரிந்துபோனது. நானோ ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவள்!

காறை எலும்பு ஊசியே முடிவானது. குத்தியதும் விரல் நுனிவரை சுரீரென்றது. சற்று நேரத்தில் அது என் கையே இல்லை.

ஆபரேஷன் ஆரம்பித்தது. வலி துளியும் இல்லை. பயம் இருந்தது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும்! மழை, ஏரி, பிளம்ஸ் மரம், மதுரை பஸ்… அப்படியே —

“மதுரைக்குப் போயிட்டா எங்களை மறந்துராதீங்க, டாக்டரம்மா.”

கத்தரி நின்றது. நர்ஸ் எஸ்தர் நிமிர்ந்தாள். “யாருங்க மதுரைக்குப் போறது?”

அந்த வேலை மாற்றத்தை டாக்டரம்மா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய வெளியூர் டிரங்க் காலை இணைத்தவள் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். எஸ்தரின் கண் கலங்கிவிட்டது.

“ஆமா எஸ்தர்,” என்றார் டாக்டரம்மா. “எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். முதல்ல இந்த வேலைய முடிப்போம்.” கத்தரி மறுபடி நகர்ந்தது.

மறுநாள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு ஒரு பாரம் குறைஞ்சது,” என்றார். “ஆனா, இனிமே ஊர்க்காரங்க பேச்சு உங்க காதோட நிக்கட்டும்.”

இரண்டு மாதத்தில் விரல்களுக்கு உணர்வு திரும்பியது. போர்டுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தேன். அதன்பின் ஒருவர் பேச்சும் என் வாயிலிருந்து வெளியே போனதில்லை.

வாசகிக்கு என் பதில்: இன்று மருந்துகள் மாறிவிட்டன. மூச்சுத் தொந்தரவு இருந்தால் மயக்க டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவரோடு பேசி முடிவெடுங்கள். விழித்திருப்பது எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது.

என்ன… வாய்க்கும் சேர்த்து ஓர் ஊசி கேட்டிருக்கலாம்!