கொளஞ்சி பார்த்த உப்பு

கொளஞ்சியின் நாக்கைப் பற்றி மரக்காணம் உப்பளத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பன்னிரண்டு வருடம் உப்பு வாரியவள். ஒரு கல்லை வாயில் போட்டால் எந்தப் பாத்தி உப்பு என்று சொல்லிவிடுவாள். சுனாமியில் பாத்தியெல்லாம் சேறாகிப் போனதால், 2005 கோடையில், கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில் ஹபீப் முஹம்மது நடத்திய கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே தட்சணாமூர்த்தி மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். வெள்ளைக்காரர்களுக்காகச் செலரித் தண்டும் சதகுப்பைக் கீரையும் போட்டு ஒரு மீன் வைப்பார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு தோற்றது! ஒருநாள் அவர் லீவு. கொளஞ்சி சோம்பை ஒன்றிரண்டாகத் தட்டி எண்ணெயில் பொரியவிட்டு, செலரியைப் பொடியாக நறுக்கி வதக்கி, தேங்காய்ப்பாலில் கொடுவா மீனை வேகவைத்து, இறக்கும்போது சதகுப்பையைக் கிள்ளிப் போட்டாள். வந்தவர்கள் தட்டை வழித்துத் தின்றார்கள். மறுவாரமே வாசல் பலகையில் அதற்கு ‘மாஸ்டர் ஸ்பெஷல்’ என்று பெயர் எழுதிவிட்டார் அந்த மனுஷன். வெட்கம் மானம் வேண்டாமா?

“அது நான் வச்ச மீனுங்க மாஸ்டர்” என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். அன்று சாயங்காலமே பழி வந்தது. பிள்ளை பெற்றிருந்த தங்கை பூவிழிக்குப் பால் சுரக்கட்டும் என்று மாஸ்டரிடம் ஒரு பிடி சதகுப்பை கேட்டிருந்தாள். எடுத்துக்கொள்ளச் சொன்னவரே அவர்தான். அவரே எல்லோர் முன்னாலும் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

“பாத்தீங்களா பாய், திருட்டுக் கை! இனிமே இவ அடுப்பாண்ட வரக்கூடாது. தட்டு கழுவட்டும்.”

அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வயிறு பற்றி எரிந்தது. வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். கொளஞ்சி போகவில்லை. ‘இருடா, உன்ன ஒருநாள் பாத்துக்கறேன்’ என்று கறுவிக்கொண்டே தட்டு கழுவினாள்.

கார்த்திகை பிறந்தது. மாஸ்டர் சபரிமலைக்கு மாலை போட்டார். பிழைப்புக்காக மீனைச் சமைக்கலாம், வாயில் வைக்கக் கூடாதே! உப்பு பார்க்க யார்? அந்த உப்பளத்து நாக்கைத்தான் கூப்பிட்டார், அதுவும் திருட்டுத்தனமாக. முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, பின்வாசலில் கரண்டியை நீட்டுவார்.

“உப்பு பாரு. யார்கிட்டயும் மூச்சு வுடாத.”

ஒரு மாதம் சரியாகத்தான் சொன்னாள். ஆள் முழுசாக நம்ப வேண்டாமா?

கிறிஸ்துமஸ் அன்று மதியம் நாற்பது பேருக்கு விருந்து. பெரிய சட்டியில் அதே மீன். கரண்டி வந்தது. கொளஞ்சி நக்கிப் பார்த்தாள். கனகச்சிதம்.

“சப்புனு இருக்குதுங்க சாமி.”

ஒரு கை போட்டார். செலரியிலேயே கொஞ்சம் உப்பு உண்டு என்பது அவருக்கு எங்கே ஞாபகம் இருந்தது!

“இன்னும் பத்தலைங்க.”

இன்னொரு கை விழுந்தது. கொளஞ்சி தட்டு கழுவப் போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் ஹபீப் முஹம்மது கத்திக்கொண்டே உள்ளே வந்தார். “கடல்தண்ணியவா ஊத்தி வச்ச? ஒருத்தராலயும் வாய்ல வைக்க முடியல. யாருய்யா உப்பு பாத்தது?”

“இவதான் பாய்! வேணும்னே செஞ்சிட்டா!”

“அடுப்பாண்டயே வரக்கூடாதுன்னு சொன்னது நீதானே? திருடின்னு சொன்னவகிட்ட எதுக்குய்யா உப்பு பாக்கச் சொன்ன?”

முதலாளி இந்தப் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அன்னிக்கு இவரு லீவுல, இவரு சொல்லிக்குடுத்தபடியே நல்லா வச்சியே. இப்ப ஒருவாட்டி வச்சுக் குடுக்கறியா?”

கொளஞ்சி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் பக்கம் நகரவே இல்லை.

“சாமி மொதல்ல மாலையத் தொட்டுச் சொல்லட்டும் பாய். அந்த மீன் பக்குவம் யாரோடது? சதகுப்பைய நான் திருடினேனா?”

சமையல்கட்டே அவரைப் பார்த்தது. மாலை போட்டவர் பொய் சொல்ல முடியுமா? கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“மீன் அவளோடதுதான். கீரைய நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்.”

“சத்தமாச் சொல்லுங்க சாமி. அன்னிக்கு சத்தமாத்தானே சொன்னீங்க?”

அவர் மறுபடி சத்தமாகச் சொன்னார். கொளஞ்சிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. செலரிக் கட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

“நறுக்குங்க. பொடிசா நறுக்கணும். உப்பு நான் பாத்துக்கறேன்.”